ஃபிராய்டு வாயில் இருந்தது சுருட்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் வியன்னா மனநல டாக்டர் சிக்மண்ட் ஃபிராய்டைப் பற்றி அரைப் பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். அந்த மனிதருக்குத் தமிழ்ப் பத்திரிகையில் அரைப் பக்கம் கிடைத்ததே பெரிது. அதற்கு நன்றி. ஆனால் படித்து முடித்ததும் பேனாவைத் தேட வேண்டியதாகிவிட்டது.

முதலில் சின்ன விஷயத்தை முடித்துவிடுகிறேன். உங்கள் ஓவியர் அவர் வாயில் பைப் வைத்து வரைந்திருக்கிறார். ஃபிராய்டு குடித்தது சுருட்டு. ஒரு நாளைக்கு இருபது வரை குடிப்பார். 1923இல் வாய்க்குள் புற்றுநோய் கண்டு, மேல்தாடையில் ஒரு பகுதியை எடுத்து, அந்த இடத்தில் செயற்கைத் தகடு மாட்டி, முப்பதுக்கும் மேற்பட்ட முறை கத்தி வைத்தார்கள். அப்போதும் சுருட்டை விடவில்லை. 1939 செப்டம்பரில் லண்டனில் இறக்கும்வரை பதினாறு வருஷம் அந்த வாயோடுதான் மற்றவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். பைப்புக்கும் சுருட்டுக்கும் உள்ள வித்தியாசம் எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக் கிழவிகளுக்கே தெரியும். அவர்களும் சுருட்டுதான் குடித்தார்கள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் 1972 முதல் முப்பத்து நான்கு ஆண்டுகள் டிரசராக இருந்தவன். சம்பளச் சீட்டில் தோட்ட மருத்துவ உதவியாளர். லயத்தில் டிரசர் ஐயா. காய்ச்சல், வெட்டுக்காயம், பாம்புக்கடி, பிரசவம், சம்சு குடித்துவிட்டு மண்டை உடைந்து வருபவர், எல்லாம் முதலில் என் மேஜைக்குத்தான் வரும். பெரிய டாக்டர் வாரத்துக்கு ஒருநாள் காரில் வந்து போவார். மற்ற ஆறு நாளும் நான்தான். மனோதத்துவம் படித்தவன் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு ஈப்போவில் ஒரு பழைய புத்தகக் கடையில், அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை ஆறு வெள்ளிக்கு வாங்கினேன். புரோயர் என்பவரும் ஃபிராய்டும் சேர்ந்து 1895இல் வெளியிட்ட ஹிஸ்டீரியா நோய் பற்றிய ஆய்வு அது. உடம்பில் கோளாறு தெரியாமலே கை கால் விழும் நோயை அப்போது அப்படித்தான் சொன்னார்கள். நோயாளிக் குறிப்பு எழுதிப் பழகியவனுக்கு அதைப் படிப்பது சுலபம். கதை போலத்தான் இருக்கும். இவை சிறுகதை போல் படிக்கக் கிடக்கின்றனவே என்று ஃபிராய்டே அதில் ஓரிடத்தில் சங்கடப்படுகிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மேதை தனியாக மனத்தின் இருட்டுக்குள் இறங்கி நனவிலியை, அதாவது நமக்கே தெரியாமல் வேலை செய்யும் மனத்தை, கண்டெடுத்து வந்தார் என்பது போல உங்கள் கட்டுரை எழுதுகிறது. நோயாளிகளைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. எனக்கு அதுதான் உறுத்தல். ஏனென்றால் அந்த வைத்தியத்தை ஆரம்பித்து வைத்ததே நோயாளிகள். அதிலும் பெண்கள்.

முதல் ஆள் ஃபிராய்டின் நோயாளிகூட இல்லை. வியன்னாவில் யோசெஃப் புரோயர் என்ற பெரிய டாக்டர் 1880 முதல் 1882 வரை பார்த்த இருபத்தோரு வயதுப் பெண். புத்தகத்தில் அன்னா ஓ என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். உண்மைப் பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். படுக்கையில் கிடந்த அப்பாவுக்கு இரவெல்லாம் விழித்துப் பணிவிடை செய்தவள். வலது கை விழுந்துவிட்டது. பாம்பு தெரிகிறது என்றாள். தாய்மொழியான ஜெர்மன் மறந்துபோய் கொஞ்சகாலம் ஆங்கிலம் மட்டும் பேசினாள். ஒரு கோடையில் தாகம் நாக்கை வறட்டுகிறது, தண்ணீர் டம்ளரைக் கையில் எடுக்கிறாள், உதட்டருகே வந்ததும் தள்ளிவிடுகிறாள். ஆறு வாரம் போல பழத்தைத் தின்றே காலம் தள்ளியிருக்கிறாள்.

ஒருநாள் மாலை அரைமயக்க நிலையில் ஒரு பழைய சம்பவத்தைச் சொன்னாள். வீட்டில் துணைக்கு இருந்த ஆங்கிலேய மாது ஒருத்தியை அவளுக்குப் பிடிக்காது. அந்த மாதின் நாய்க்குட்டி டம்ளரில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்ததை இவள் பார்த்துவிட்டாள். அருவருப்பு. ஆனால் மரியாதை கருதி ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு விழுங்கிய அந்தக் கோபத்தை இப்போது முழுசாகக் கொட்டித் தீர்த்தாள். தீர்த்ததும் தண்ணீர் கேட்டாள். நிறையக் குடித்தாள். டம்ளர் உதட்டில் இருக்கும்போதே மயக்கம் தெளிந்தது.

இந்த முறைக்குப் பெயர் வைத்ததும் அவள்தான், டாக்டர் இல்லை. பேச்சு வைத்தியம் என்றாள். விளையாட்டாகப் பேசும்போது புகைபோக்கியில் கரி துடைப்பது என்பாள். எங்கள் தோட்டத்துப் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் காயவைத்துவிட்டு உள்ளே கரி சுரண்டியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அந்தப் பெண்ணுக்கு மருத்துவம் நடந்தபோது ஃபிராய்டு மாணவனாக இருந்து டாக்டராகிக்கொண்டிருந்த வாலிபர். இந்தக் கதையைப் புரோயர் சொல்லித்தான் அவர் கேட்டார். 1909இல் அமெரிக்காவில் கிளார்க் பல்கலைக்கழகத்தில் பேசப் போனபோது, இதைத் தொடங்கிய பெருமை என்னுடையது இல்லை, புரோயருடையது என்று மேடையிலேயே சொன்னார். 1914இல் எழுதும்போது, அதெல்லாம் சரி, உளப்பகுப்பாய்வு (இந்த வைத்தியத்துக்கு அவர் வைத்த பெயர்) என் படைப்பு என்று மாற்றிக்கொண்டார். இடையில் அவரோடு இருந்த டாக்டர்களில் ஆட்லர் பிரிந்தார், யுங் பிரிந்தார். பங்காளிச் சண்டை வந்தால் பட்டா யார் பேரில் என்ற பேச்சும் வரத்தானே செய்யும். நனவிலி என்ற சொல்லும் அவர் கண்டுபிடிப்பு இல்லை. ஹார்ட்மன் என்ற ஜெர்மானியர் 1869இலேயே நனவிலியின் தத்துவம் என்று தனி நூல் போட்டார். அப்போது ஃபிராய்டுக்குப் பதின்மூன்று வயது. கனவுகளைப் பற்றிய அவருடைய பெரிய புத்தகம் வந்ததும் உலகமே அதிர்ந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதும் சரியில்லை. 1899 நவம்பரில் வந்த அந்தப் புத்தகம் அச்சடித்தது 600 பிரதி. விற்று முடிக்க எட்டு வருஷம் ஆயிற்று.

அப்படியானால் ஃபிராய்டு செய்தது என்ன? என் கணக்கில் ஒன்று. சும்மா இருக்கக் கற்றுக்கொண்டார்.

அதையும் ஒரு அம்மாள்தான் கற்றுக்கொடுத்தார். எம்மி என்று புத்தகத்தில் வரும் நாற்பது வயது விதவை; பணக்காரி. ஃபிராய்டு அப்போது ஹிப்னாடிசம் செய்துகொண்டிருந்த காலம். இது எங்கிருந்து வந்தது, அது எப்போது தொடங்கியது என்று குடைந்து குடைந்து கேட்கிறார். அந்த அம்மாள் எரிச்சலோடு, சும்மா சும்மா கேள்வி கேட்காதீர்கள், நான் சொல்ல வந்ததைச் சொல்ல விடுங்கள் என்கிறார். டாக்டர் வாயை மூடிக்கொண்டார். மூடியதையும் ஒளிக்காமல் எழுதி வைத்தார். பிறகுதான் ஹிப்னாடிசம் போயிற்று, நெற்றியில் கை வைத்து அழுத்துவது போயிற்று. கட்டிலில் படு, மனத்தில் வருவதைச் சொல், நான் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது மட்டும் நின்றது. உளப்பகுப்பாய்வு என்ற பெயர் 1896இல் வந்தது. அதற்கு முந்தைய வேலை அந்த அம்மாளின் எரிச்சல்.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

1979. கடைசி லயத்தில் இருந்த ஒரு அம்மா, வயது முப்பதுக்குள். ரப்பர் பால் எடுக்க ஐந்நூறு மரத்தில் பட்டை வெட்டுகிற கை. ஒருநாள் காலைப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, முடிந்து மர நிரைக்குப் போனவருக்கு வெட்டுக்கத்தியைப் பிடிக்க முடியவில்லை. வலது கை விரல்கள் மடங்க மறுத்தன. மேஸ்திரியான மண்டோர் என்னிடம் அனுப்பி வைத்தார். காயம் இல்லை, வீக்கம் இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தேன். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் உணர்ச்சியே இல்லை. மணிக்கட்டைத் தாண்டினால் 'ஆ' என்கிறார். கோடு போட்டது போல, கையுறை மாட்டியது போல.

டிரசர் படிப்பில் எங்களுக்கு நரம்பு சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சுண்டுவிரலுக்கும் மோதிர விரலில் பாதிக்கும் ஒரு நரம்பு போகும். கட்டைவிரல் பக்கத்துக்கு வேறொன்று. எந்த நரம்பு கெட்டாலும் மரத்துப்போவது மணிக்கட்டில் வளையல் போட்ட மாதிரி நிற்காது. ஆகவே இது நரம்பு இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பெருமையில் அந்த வாரம் பெரிய டாக்டரிடம் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி வேறு, தூக்கத்தில் அந்தக் கை பிள்ளையின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று சொல்லியிருந்தாள். அவர் சிரித்துவிட்டு, வேலைக்கு டிமிக்கி என்றார். நான் குறிப்பேட்டில் பாசாங்கு என்று எழுதினேன். என் கையெழுத்துதான்.

இதே கையுறையைப் பாரிசில் ஷார்கோ என்ற டாக்டரின் ஆஸ்பத்திரியில் ஃபிராய்டு 1885இல் பார்த்தார். திரும்பி வந்து யோசித்து 1893இல் ஒரு கட்டுரை எழுதினார். நரம்பு நோயில் வரும் வாதம் உடற்கூறுப்படி வரும். ஹிஸ்டீரியாவில் வரும் வாதம் உடற்கூறு என்ற ஒன்றே இல்லாதது போல நடந்துகொள்ளும் என்றார். சாதாரண ஜனங்கள் கை என்று எதை நினைக்கிறார்களோ அந்தக் கை விழுகிறது. ரவிக்கைக்கு அளவெடுப்பவர் நினைக்கும் கை. நோயாளி நடிக்கவில்லை, அந்த நினைப்பு அவருக்குத் தெரியாமல் வேலை செய்கிறது. நான் கண்ட அதே அறிகுறிதான், ஆசிரியரே. அவர் அதை வைத்து ஒரு கேள்வி கேட்டார். நான் ஒரு தீர்ப்பு எழுதினேன்.

அந்த அம்மாவுக்கு வைட்டமின் ஊசி போட்டேன். மூன்று நாள் விரல் மடங்கியது, நான்காம் நாள் பழையபடி. மறுபடி வந்தார். நான் குறிப்பேட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து மடியில் கிடந்த வலது கையையே பார்த்துக்கொண்டு, மெதுவாக, "இந்தக் கையாலதான் ஐயா..." என்றார்.

அந்த நேரம் வாசலில் லாரி வந்து நின்றது. கத்தி பட்டுக் காலைக் கிழித்துக்கொண்ட ஒருவரைத் தூக்கி வந்தார்கள். நான் எழுந்து போனேன். பதினோரு தையல். திரும்பி வந்தபோது பெஞ்ச் காலி.

அவர் பிறகு எப்போதும் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. மரம் வெட்டிலிருந்து புல் வேலைக்கு மாற்றினார்கள்; இடது கையால் சமாளித்தார். 1984 வாக்கில் குடும்பத்தோடு வேறு தோட்டம் போய்விட்டார். இந்தக் கையால் என்ன என்று நான் ஊகிக்கப் போவதில்லை. ஃபிராய்டாக இருந்தால் ஊகித்திருப்பார். அது அவருடைய பலவீனம். 1900இல் டோரா என்ற பதினெட்டு வயதுப் பெண்ணிடம், உனக்குள் இருப்பது இதுதான், இதுதான் என்று அவர் சொல்லச் சொல்ல, அவள் பதினொரு வாரத்தில் வேலைக்காரிக்குக் கணக்கு முடிப்பது போல் முடித்துக்கொண்டு போய்விட்டாள். எம்மியிடம் கற்றதை மறந்துவிட்டார் போலும்.

அந்த அம்மாவை வீட்டார் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்கும் கூட்டிப்போனார்கள். எனக்கு அப்போது இதிலெல்லாம் இளக்காரம். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். பூசாரி வேப்பிலையை ஓங்கிக்கொண்டு, "யாரு நீ? எதுக்கு வந்த? என்ன வேணும்?" என்று கேட்டார். வேப்பிலை அடியை நான் நியாயப்படுத்த வரவில்லை. அந்த அம்மா அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை, அழுதார், அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்று கேள்வியில் ஒன்றைக்கூட வெள்ளைச் சட்டை போட்ட நான் கேட்டதில்லை.

இன்னொன்று. மனத்தின் பகுதிகளுக்கு இட், ஈகோ என்றெல்லாம் உங்கள் கட்டுரையில் பெயர் வந்தது. அவை ஆங்கில மொழிபெயர்ப்பாளர் லத்தீனில் தேடி எடுத்த சொற்கள். ஃபிராய்டு 1923இல் ஜெர்மனில் எழுதியது பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள்: 'அது', 'நான்', 'மேல்நான்'. இதை முதல்முறை படித்தபோது சிரித்துவிட்டேன். லயத்தில் ஒருத்திக்குச் சாமி வந்தாலும் பேய் பிடித்தாலும் பேர் சொல்ல மாட்டார்கள். "அது வந்துருச்சு", "அது இன்னும் போகல" என்பார்கள். நம் பேச்சே அப்படித்தான். நான் கோபத்தைச் செய்தேன் என்று எந்தத் தமிழன் சொல்கிறான்? எனக்குக் கோபம் வந்தது என்கிறோம். பயம் வந்தது, அழுகை வந்தது, என்னமோ தோன்றியது. எல்லாம் எங்கிருந்தோ வருகிறது, நான் வாசலில் நிற்கிறேன். இதைச் சொல்ல வியன்னாக்காரர் புத்தகம் எழுத வேண்டியிருந்தது. நமக்கு வேற்றுமை உருபே போதும்.

அந்தப் பழைய புத்தகத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் லூசி என்ற ஆங்கிலேயப் பெண். வியன்னாவில் ஒரு பணக்காரர் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எப்போதும் பாயசம் தீய்ந்த மாதிரி வாடை அடிக்கிறது என்பாள். வேறு வாசனை எதுவும் மூக்குக்குத் தெரியாது. பேசிப் பேசி வந்ததில், முதலாளி மேல் அவளுக்கு ஆசை. அதுதான் தெரிந்திருக்கிறதே, ஏன் சொல்லவில்லை என்று ஃபிராய்டு கேட்கிறார். தெரியாது, இல்லை, தெரிந்துகொள்ள விரும்பவில்லை, மண்டையிலிருந்து துரத்திவிடப் பார்த்தேன் என்கிறாள். தெரிந்தே தெரியாமல் இருக்கும் நிலையை இதைவிட நன்றாக யாரும் சொன்னதில்லை என்று ஃபிராய்டே அடிக்குறிப்புப் போட்டிருக்கிறார். இங்கேயும் பாருங்கள், வார்த்தை அவளுடையது.

போன வாரம் வாசகர் பகுதியில் ஒருவர், இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி, நமக்கு வராது என்று எழுதியிருந்தார். அவருக்கு என் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1943இல் ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை போடத் தோட்டத்திலிருந்து பிடித்துப்போன ஆட்களில் அவரும் ஒருவர். காட்டை வெட்டி, 415 கிலோமீட்டர் தண்டவாளம். அவரோடு ஒரே லயத்திலிருந்து போனவர்களில் திரும்பியவர் அவர் மட்டும். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது, நடு ராத்திரி படுக்கையில் எழுந்து விறைப்பாக உட்கார்ந்துகொண்டு ஜப்பானிய மொழியில் எண்ணுவார். இச்சி, நி, சான். ஒரு எண்ணில் நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து. பாட்டி விளக்கைத் தூக்கிப் பிடித்து, "வீட்டுக்கு வந்தாச்சு, இங்க பாருங்க, இது நம்ம அடுப்பு" என்று அடுப்பைக் காட்டுவார். காலையில் கேட்டால் தாத்தாவுக்கு ஒன்றும் நினைவிருக்காது. போர் முடிந்து பன்னிரண்டு வருஷம் கழித்து இது.

கனவெல்லாம் உள்ளே கிடக்கும் ஆசையின் நிறைவேற்றம் என்று சாதித்து வந்தவர் ஃபிராய்டு. முதல் உலகப் போர் முடிந்து வந்த சிப்பாய்கள் அதே குண்டு விழும் அதே நொடிக்கு ஒவ்வொரு ராத்திரியும் திரும்பிப் போனார்கள். எவனுக்கு அப்படி ஓர் ஆசை இருக்கும்? 1920இல் ஒரு சிறு நூலில், என் விதிக்கு இவை அடங்கவில்லை என்று ஒப்புக்கொண்டு புதிதாகத் தேட ஆரம்பித்தார். அப்போது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. அந்த வயதில் சொன்னதை மாற்றிக்கொள்வது சுலபமில்லை, எனக்குத் தெரியும்.

அதே நூலில் அவர் பேரன் வருகிறான். ஒன்றரை வயது. அம்மா வெளியே போனால் அழமாட்டான், நல்ல பிள்ளை. ஆனால் நூல் கட்டிய மரக்கட்டை உருளையைத் திரைச்சீலை போட்ட கட்டிலுக்குள் எறிந்து 'ஓ' என்று நீட்டுவான். போயிற்று என்று அர்த்தம். நூலைப் பிடித்து இழுத்து, வந்ததும் இதோ என்று குதூகலிப்பான். தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அம்மா போவதைத் தடுக்க முடியாத பிள்ளை, போவதையும் வருவதையும் தன் கைக்குள் கொண்டு வருகிறது என்று எழுதினார். அந்தப் பிள்ளையின் அம்மா 1920 ஜனவரியில் இன்ஃபுளுவென்சா காய்ச்சலில் இறந்துபோனாள்.

எங்கள் ஆயாக் கொட்டகையில் நான் இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அம்மாக்கள் இருட்டோடு இருட்டாகப் பெரட்டுக்குப் போகும்போது தூங்குகிற பிள்ளையைத் தூக்கி வந்து போட்டுவிட்டுப் போவார்கள். பிள்ளை கண் விழிப்பது ஆயா முகத்தில். மாதத்துக்கு ஒருமுறை எடை பார்க்கப் போவேன். ஒரு பயல் பால்டின் மூடியைத் தொட்டிலுக்கு அடியில் எறிவான், "போச்சி" என்பான், தவழ்ந்து போய் எடுப்பான், மறுபடி எறிவான். ஆயா, "சேட்டை ஐயா, கை சும்மா இருக்காது" என்றார். நானும் ஆமாம் என்றேன். எடையை எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்பவருக்கு இன்னொரு தகவல். கிரீந்திரசேகர் போஸ் என்ற வங்காளி டாக்டர் 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் தொடங்கினார். ஃபிராய்டோடு வருஷக்கணக்கில் கடிதம் எழுதி, உங்கள் முடிவு எங்கள் ஆட்களுக்குப் பல இடத்தில் பொருந்தவில்லை என்று வாதாடினார். 1931இல் ஃபிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்குக் கல்கத்தாவிலிருந்து தந்தத்தில் செய்த விஷ்ணு சிலை போயிற்று. அதைத் தன் எழுத்து மேஜையில் வைத்துக்கொண்டார்.

அதற்காக அவரைப் பூசை அறையில் வைக்கச் சொல்லவில்லை. ஒரு டிரசராக என்னால் மன்னிக்க முடியாத ஒன்று உண்டு. 1895இல் தன் நோயாளி ஒருத்தியின் மூக்கை அறுக்கத் தன் நண்பர் ஃபிலீசிடம் கொடுத்தார். அந்த ஆள் அரை மீட்டர் காஸ் துணியை உள்ளே விட்டுவிட்டுப் புண்ணை மூடிவிட்டார். அழுகி நாறி, வேறு டாக்டர் இழுத்து எடுக்கும்போது அவள் ரத்தம் கொட்டிச் சாகக் கிடந்தாள். ஃபிராய்டு தலைசுற்றி வெளியே ஓடினார். பிற்பாடு நண்பரைக் காப்பாற்ற, அந்த ரத்தப்போக்கே அவள் மனம் செய்த வேலை என்று எழுதினார். உள்ளே வைத்த துணியை எண்ணாமல் புண்ணை மூடாதே என்பது நான் முதல் மாதம் கற்ற பாடம். மனத்தின் ஆழம் பார்க்கிறவர் கண்ணுக்கு முன்னால் கிடந்த துணியைப் பார்க்கவில்லை. இவருக்கும் தெரிந்தே தெரியவில்லை.

பேச்சு வைத்தியம் என்று பெயர் வைத்த பெர்த்தாவும் புத்தகத்தில் சொன்னபடி குணமாகிவிடவில்லை. புரோயர் கைவிட்ட கையோடு 1882இல் சுவிட்சர்லாந்தில் ஒரு மனநல விடுதியில் சேர்த்தார்கள். பல வருஷம் கழித்துத் தானே எழுந்து வந்து, அநாதைப் பெண்களுக்கு விடுதி நடத்தி, 1904இல் யூதப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். ஜெர்மனி 1954இல் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. உங்கள் கட்டுரைக்குப் பக்கத்தில் படம் போட வேண்டியது அவரைத்தான் என்பேன்.

இனி என் மனக்குறை. ஒன்றே ஒன்று. இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் துணுக்குப் பகுதியில், மாமியாருக்குத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு டிக்கெட் வாங்குகிற மருமகள் ஜோக் வந்தது. 1911இல் அங்கே திறந்த மனநல ஆஸ்பத்திரி இங்கிருந்து கூப்பிடு தூரம். தோட்டத்து வேனில் நானே ஒன்பது பேரை அழைத்துப் போய்ச் சேர்த்திருக்கிறேன். ஏழு பேரைத் திரும்பவும் அழைத்து வந்தேன். திரும்பி வந்த ஏழு பேரும் அதற்குப் பிறகு ஆயுசு முழுக்கக் கேட்டது இந்த ஜோக்கைத்தான். அதனால் எத்தனை பேர் வாயைத் திறக்காமலே இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும், என் பெஞ்சில் உட்கார்ந்து வயிற்று வலி என்று சொல்லிவிட்டுப் போனவர்கள். அப்புறம், தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரை 2023 வரை நம் சட்டம் குற்றவாளி என்றது. கட்டிலுக்குப் பக்கத்தில் போலீஸ் நிற்கும்போது யார் என்ன பேசுவார்? சட்டப்பிரிவு 309 இப்போது இல்லை. ஜோக் மட்டும் இருக்கிறது.

ரப்பர் தோட்டம் செம்பனை எண்ணெய்த் தோட்டமாகிவிட்டது. வெளிநாட்டு ஆட்கள் வேலை செய்கிறார்கள். நம் ஆட்கள் தாமான் வீடுகளிலும் அடுக்குமாடியிலும் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார்கள். லயத்து வாசல் திண்ணை போயிற்று. என் பெஞ்ச் என்ன ஆனதோ.

கடிதம் நீண்டுவிட்டது. வெட்டத்தான் செய்வீர்கள், அதையும் ஃபிராய்டு சொல்லி வைத்திருக்கிறார். முதல் உலகப் போர்க் காலத்தில் வியன்னா பல்கலைக்கழகத்தில் கனவைப் பற்றிப் பேசும்போது, ஏதாவது ஒரு பத்திரிகையைக் கையில் எடுத்துப் பாருங்கள், அங்கங்கே எழுத்து இல்லாமல் வெள்ளையாகக் கிடக்கும், தணிக்கை அதிகாரி கைவைத்த இடம், அங்கேதான் முக்கியமான செய்தி இருந்திருக்கும் என்றார். கனவிலும் அப்படித்தானாம். சில இடத்தில் எழுதுகிறவனே பயந்து முன்கூட்டி மழுப்பிவிடுவான். அங்கே வெள்ளை இருக்காது, கண்டுபிடிப்பது கஷ்டம் என்றும் சொன்னார்.

இதை நான் கையால் எழுத, பேத்திதான் போனில் தட்டிக் கொடுத்தாள். இரண்டு இடத்தில் விட்டுவிட்டாள். எது என்று கேட்டேன். "அது வேணாம் தாத்தா" என்றாள். ஏன் என்றேன். டீ ஆறுது என்றாள். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் வெட்டினால் எனக்கு வருத்தமில்லை. வெட்டிய இடத்தை மட்டும் அந்தக் காலத்து வியன்னாப் பத்திரிகை போல வெள்ளையாக விட்டுவிடுங்கள். படத்தில் சுருட்டு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்ட டிரசர்,
சுங்கை சிப்புட்.